முக்கால் இஞ்ச்

நான்: சிரிக்காம சொல்லுங்க. யார் கை யார் கோட்டுக்குள்ள போச்சு?

அவர்: நான் எங்க சிரிச்சேன்? பெரிய டாக்டர் கோட்டை மாட்டினாங்க. ரெண்டு கையும் காணோம். உள்ளேயே துழாவித் துழாவிப் பார்த்தாங்க, வழி தெரியல. கடைசில பாட்டில் கழுவுற அக்கா வெளியில இருந்து கையை விட்டு, டாக்டர் விரலைத் தேடிப் பிடிச்சு இழுத்தாங்க.

நான்: பொய்.

அவர்: லேப் மொத்தமும் சாட்சி. எட்டுப் பேரும் உன் கோட்டைப் போட்டுக்கிட்டு வரிசையா நின்னோம். துணி காயப் போட்ட மொட்டைமாடி மாதிரி இருந்துச்சு.

நான்: நல்லா காத்தோட்டமா இருந்திருக்கும்ல?

அவர்: பெரிய டாக்டர் ஏதோ எடுக்கக் கையை நீட்டினாங்க. கை அங்கேயே நின்னுடுச்சு, கோட்டுக் கை மட்டும் முன்னால போய் ரோஸ் சாயத்துக்குள்ள விழுந்துடுச்சு. ஸ்லைடுக்கு ஏத்துற சாயம், ஏழு ஜென்மத்துக்கும் போகாது. இப்ப அவங்களுக்கு ஒரு கை ரோஸ், ஒரு கை வெள்ளை.

நான்: திட்டினாங்களா?

அவர்: அவங்க எங்க திட்டுவாங்க. ‘உங்க வீட்டுக்காரம்மாவுக்குக் கண்ணாடி மாத்தணும்னு நினைக்கிறேன்’னு மட்டும் சொன்னாங்க. இந்தா, ஏழும் இந்தப் பைக்குள்ள இருக்கு. மிச்சம் ஒண்ணு என் மேல இருக்கு.

நான்: அப்படியே நில்லுங்க. கழட்டாதீங்க, பார்க்கணும். கையைத் தூக்குங்க... திரும்புங்க. உடம்பை முழுசா ஏன் திருப்புறீங்க, தலையை மட்டும் திருப்பினா போதும்.

அவர்: கோட்டு இடிச்சிடுமேன்னுதான்.

நான்: இதுக்குள்ள ஒரு குடும்பமே குடியிருக்கலாம். எங்க இடிக்கும்?

அவர்: ஆனா ஒண்ணு சொல்லணும், என்னுது அவ்வளவு மோசமில்ல. கை கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். கழுத்துகூட... இடிக்கல.

நான்: உங்களுது முதல்ல வெட்டினது. அதான்.

அவர்: அதுக்கென்ன?

நான்: சின்னதா ஒரு தப்பு நடந்துடுச்சு.

அவர்: சின்னதா.

நான்: கேளுங்க. உங்க கோட்டைப் பேப்பர் கட்டிங் வச்சு வெட்டினேன். அடுத்ததுக்குப் பேப்பரைக் காணோம். சரி, வெட்டின துணிதான் இருக்கேன்னு அதையே வச்சு ரெண்டாவதை வெட்டினேன். ரெண்டாவதை வச்சு மூணாவது. சாக்பீஸ் கோடு எப்பவும் துணிக்கு வெளியிலதான விழும்? ஒவ்வொரு தடவையும் ஒரு நூல், ரெண்டு நூல் ஏறி...

அவர்: எட்டாவதுல யானை அளவுக்கு வந்துடுச்சு.

நான்: எட்டாவது யாருக்கு?

அவர்: பெரிய டாக்டருக்கு. லேப்லயே குள்ளம் அவங்கதான்.

நான்: அடப்பாவமே.

அவர்: நீயா இப்படி வெட்டின? எதிர்வீட்டு அம்மா உன்கிட்ட தையல் கத்துக்க வந்தப்போ இதைச் செஞ்சதுக்குத்தான கத்தரிக்கோலைப் பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டின? மூணு நாள் தரலையே.

நான்: அவங்க கத்துக்குட்டி. எனக்கு இருபது வருஷ சர்வீஸ். தப்பு பண்ண உரிமை இருக்கு.

அவர்: பேப்பர் காணோம்ங்கிற. அலமாரி மேல சுருட்டி வச்சிருக்கே, அது என்ன?

நான்: அது... வேற பேப்பர்.

அவர்: ‘கோட்டு’ன்னு எழுதியிருக்கே.

நான்: வேற கோட்டு. இப்ப நீங்க லேப்ல வேலை பாக்குறீங்களா, துப்பறியுறீங்களா? அந்த ஸ்டூல்ல ஏறுங்க, அடியை மடிச்சுக் குண்டூசி குத்தணும்.

அவர்: சரி சரி. ஆனா ஒண்ணு தெரியுமா... நீ பண்ணின தப்பைத்தான் நான் தினம் மைக்ராஸ்கோப்புல பார்க்கிறேன்.

நான்: என் தையலையா?

அவர்: செல்லை. உடம்புல ஒவ்வொரு செல்லும் இன்னொண்ணைப் பார்த்துத்தான் நகல் எடுக்குது. பழசு போகும், அதே அளவுல புதுசு வரும். ஒரு நகல்ல ஒரு நூல் தப்பினா அது பெருசில்ல. ஆனா அடுத்தது தப்பினதைப் பார்த்து வெட்டும். அதுக்கடுத்தது அதைப் பார்த்து. கடைசில...

நான்: பெரிய டாக்டர் கையைக் காணோம்.

அவர்: ஆமா.

நான்: அங்க தட்டிக் கேக்க ஆள் இல்லையா? நான் எதிர்வீட்டு அம்மா கத்தரிக்கோலைப் பிடுங்கின மாதிரி?

அவர்: நிறைய இருக்கு. தப்பைக் கண்டுபிடிச்சு அங்கேயே சரி பண்ற ஆளுங்க உண்டு. சரி பண்ண முடியலைன்னா அந்த செல் தானாவே ஒதுங்கிச் செத்துடும். ரொம்ப மானஸ்தன். எப்பவாவது ஒருத்தன் சாக மாட்டேன்னு உக்காந்துடுவான், அவன்தான் வம்பு.

நான்: ஆடாம நில்லுங்க. குண்டூசி வாயில இருக்கு, முழுங்கிடுவேன்.

அவர்: வாயில குண்டூசி இருந்தாத்தான் இந்த வீட்டுல நான் பேச முடியும்.

நான்: ம்ம்... ம்.

அவர்: இப்ப பேசலாம்ல? அப்போ கேளு. நம்ம லேப்புக்கு ஒரு பஸ் டிரைவர் வந்தார்.

நான்: ம்?

அவர்: பதினாலாம் நம்பர் பஸ் ஓட்டுறவர். கழுத்துல ஒரு கட்டி. வலி கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஒரு வேர்க்கடலை அளவு இருக்கும், அவ்வளவுதான். ஊசி போட்டு நூல் மாதிரி ஒரு சதை எடுத்தாங்க. அதை நான்தான் மெழுகுல பதிச்சு, சீவி, சாயம் ஏத்தினேன்.

நான்: எப்போ?

அவர்: குண்டூசியை எடுத்துட்டியா?

நான்: குத்தியாச்சு. எப்போ?

அவர்: செவ்வாக்கிழமை. ஏன்?

நான்: சும்மா. செவ்வாக்கிழமைதான் நீங்க ஷேவ் பண்ணும்போது வெட்டிக்கிட்டு பிளாஸ்திரியோட வந்தீங்க. ராசியில்லாத நாள் போல.

அவர்: அது பிளேடு சரியில்ல.

நான்: காதுக்குப் பின்னாடி எப்படிப் போச்சு பிளேடு? அங்கெல்லாமா தாடி முளைக்குது?

அவர்: வயசானா எங்க வேணா முளைக்கும். நீ டிரைவர் கதையைக் கேக்கறியா இல்லையா?

நான்: சொல்லுங்க, சொல்லுங்க. பாவம் அவர் பஸ்ஸை நிறுத்திட்டுக் காத்துக்கிட்டு இருப்பார்.

அவர்: முடியை நீளவாக்குல இருபதாப் பிளந்தா ஒண்ணு எவ்வளவு மெல்லிசா இருக்கும், அந்த மெல்லிசுல சீவணும். இருபத்திரண்டு வருஷமா சீவறேன். கண்ணை மூடிக்கிட்டே சீவுவேன். செவ்வாக்கிழமை முதல் சீவல் கிழிஞ்சுடுச்சு. ரெண்டாவது சுருங்கிடுச்சு. மூணாவது வெந்நீர்ல மிதக்க விட்டா பட்டம் மாதிரி ஓடுது.

நான்: கைக்கு என்ன ஆச்சு?

அவர்: தும்மல் வந்துச்சு.

நான்: மூணு தடவையுமா?

அவர்: தொடர் தும்மல்.

நான்: ஒரு பஸ் டிரைவருக்காக இவ்வளவு தும்மினது நீங்க ஒருத்தராத்தான் இருப்பீங்க.

அவர்: நல்ல மனுஷன்டி அவர்.

நான்: பேசியிருக்கீங்களா?

அவர்: கொஞ்சம் பழக்கம்.

நான்: சரி, மைக்ராஸ்கோப்புல என்ன தெரிஞ்சுது?

அவர்: ...உன் பட்டன் டப்பாவைக் கொடு. காட்டுறேன்.

நான்: அது கலந்துடக் கூடாது. சட்டைப் பட்டன் தனி, கோட்டுப் பட்டன் தனி.

அவர்: கலக்கத்தான் கேக்கறேன். இறங்கட்டுமா?

நான்: இறங்குங்க. மேஜை மேல துணியைத் தள்ளிட்டுக் கொட்டுங்க.

அவர்: இங்க பாரு. இந்தச் சின்ன வெள்ளைப் பட்டனெல்லாம் ஒழுங்கான செல். ஒரே அளவு, ஒரே நிறம், நடுவுல ஓட்டை. பக்கத்துல பக்கத்துல உக்காரும். ஒண்ணை ஒண்ணு இடிச்சா, ‘ஓ, இடம் இல்ல போல’ன்னு வளர்றதை நிறுத்திக்கும்.

நான்: நம்ம வீட்டுக் கல்யாணத்துல சாப்பாட்டுப் பந்தில யாரும் இப்படி உக்காரல.

அவர்: சரி, இப்ப உன் கட்டை விரலைக் காட்டு. இந்தக் காய்ப்பு எப்படி வந்துச்சு?

நான்: ஊசியைத் தள்ளித் தள்ளி.

அவர்: இதுவும் அதிகமா வளர்ந்த செல்தான். ஆனா நல்ல பிள்ளை. வேலை இருக்கு, வந்துச்சு. நீ ஆறு மாசம் தையலை விட்டா தானாப் போயிடும். இன்னொரு வகை இருக்கு. விடாம சிகரெட் பிடிக்கிறவன் தொண்டைக்குள்ள மெத்து மெத்துன்னு இருக்கற செல் எல்லாம், ‘இங்க புகை தாங்கல’ன்னு தடிச்ச துணியா மாறிடும்.

நான்: பட்டுச் சேலையை எடுத்து வச்சுட்டுச் சாக்குத்துணி கட்டிக்கிற மாதிரி.

அவர்: அதேதான். அதுகூடப் பரவாயில்ல. சிகரெட்டை விட்டா பல சமயம் திரும்பிடும். அடுத்த கட்டம்தான்... இங்க பாரு. இந்தக் கறுப்புக் கோட்டுப் பட்டனை நடுவுல வைக்கறேன். இன்னொண்ணு. இது உடைஞ்சது. இதுக்கு ஓட்டை ரெண்டு, இதுக்கு நாலு. இதுல ஓட்டையே பாதிப் பட்டன். வரிசை கிடையாது. இடிச்சாலும் நிக்காது. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காரும்.

நான்: மேஜை ஓரம் வரைக்கும் வந்துடுச்சு.

அவர்: ஓரத்தைத் தாண்டுதான்னுதான் பார்ப்போம். ஓரத்துக்குள்ள இருந்தா அது இன்னும் குறும்புதான். தாண்டிட்டா பேர் வேற.

நான்: டிரைவருக்குத் தாண்டிடுச்சா?

அவர்: ...ஒண்ணு கீழ விழுந்துடுச்சு பாரு. மெஷினுக்கு அடியில உருண்டுடுச்சு.

நான்: நான் எடுக்கறேன். நீங்க குனியாதீங்க.

அவர்: ஏன், நான் குனியக் கூடாதா?

நான்: கோட்டுல அம்பது குண்டூசி இருக்கு. குனிஞ்சா நானா பொறுப்பு? ...கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. தாண்டிடுச்சா?

அவர்: தாண்டிடுச்சு.

நான்: பெரிய டாக்டர் பார்த்தாங்களா?

அவர்: இன்னைக்குக் காலைல. இந்தக் கோட்டுக் கூத்தெல்லாம் முடிஞ்சப்புறம். மூணு தடவை பார்த்தாங்க. பார்த்துட்டு எழுந்திருக்காம அப்படியே உக்காந்திருந்தாங்க. ஒரு கை ரோஸ், ஒரு கை வெள்ளை. எனக்குச் சிரிக்கறதா என்ன பண்றதான்னு தெரியல.

நான்: அழுதாங்களா?

அவர்: சாயம் கண்ணுல பட்டிருக்கும். உன் கோட்டுக் கையால முகத்தைத் துடைச்சாங்க, மூக்கு ரோஸாயிடுச்சு. அப்புறம் அக்கா வந்து பார்த்துட்டுச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். டாக்டரும் சிரிச்சாங்க. ரொம்ப நேரம் மூணு பேரும் நிறுத்தவே இல்ல.

நான்: ...ஒரு டிரைவருக்காகவா.

அவர்: ஆமா. நாப்பத்தொண்ணாம் நம்பர்னா எல்லாருக்கும் ஒரு பிரியம்.

நான்: பதினாலுன்னீங்க.

அவர்: பதினாலுதான். சில நாள் நாப்பத்தொண்ணும் ஓட்டுவார்.

நான்: கழுத்துல கட்டியை வச்சுக்கிட்டு ரெண்டு பஸ் ஓட்டுறாரா. உழைப்பாளிதான்.

அவர்: கிண்டல் பண்ணாத. அவருக்கு இப்ப ஒரு சிக்கல்.

நான்: இதைவிடவா?

அவர்: இதைவிட. திங்கக்கிழமை காலைல ஆபரேஷன். எடுத்துட்டுக் கொஞ்ச நாள் கரண்ட் வைக்கணும், அதான் ரேடியேஷன். ஆறு வாரமோ என்னமோ. சரியாகுமா ஆகாதாங்கறது பாதிக்குப் பாதி.

நான்: பாதிக்குப் பாதி.

அவர்: பாதி நல்ல பாதி. ஆனா திங்கக்கிழமை வீட்டுலருந்து ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடணும். அவர் இன்னும் பொண்டாட்டிகிட்ட சொல்லல.

நான்: ஏனாம்?

அவர்: அவ பயந்தாங்கொள்ளியாம்.

நான்: யாரு?

அவர்: டிரைவர் பொண்டாட்டி.

நான்: யார் சொன்னது?

அவர்: டிரைவர்.

நான்: எதை வச்சு?

அவர்: சமையல்கட்டுல ஒரு தடவை பல்லியைப் பார்த்துட்டு ஒரு நாள் பூரா அந்தப் பக்கமே போகலையாம். அவரே டீ போட்டுக்கிட்டாராம்.

நான்: அன்னைக்கு அவளுக்கு டீ போட அலுப்பா இருந்திருக்கும். பல்லி ஒரு சாக்கு.

அவர்: அப்படியா?

நான்: எனக்கென்ன தெரியும். பொதுவாச் சொல்றேன். வேற என்ன சொன்னார் அவளைப் பத்தி?

அவர்: குறட்டை விடுவாளாம்.

நான்: அழகா இருப்பாளாமா?

அவர்: அதைப் பத்திப் பேச்சு வரல.

நான்: பஸ்ஸை நிறுத்தச் சொல்லுங்க. நான் இறங்கிக்கிறேன்.

அவர்: இரு, இரு. நல்லாத் தைப்பாளாம்.

நான்: ஓ. அவளும் தையல்காரியா?

அவர்: ...அதாவது, வீட்டுல சும்மா கிழிஞ்சதைத் தைப்பா. எல்லா வீட்டுலயும் தைக்கிற மாதிரி.

நான்: சரி. என்கிட்ட என்ன கேக்கறீங்க?

அவர்: நீயும் ஒரு பொம்பளை. நீ சொல்லு. எப்படிச் சொன்னா பயப்பட மாட்டா? நான் நாலு நாளா யோசிக்கிறேன். அதாவது அவர். அவர் நாலு நாளா யோசிக்கிறார்.

நான்: நாலு நாளா என்னதான் யோசிச்சாராம்?

அவர்: முதல்ல ஒரு லெட்டர் எழுதி அரிசி டப்பாவுக்குள்ள வச்சுடலாம்னு பார்த்தார்.

நான்: ஐயோ. அரிசியோட சேர்த்துக் கழுவி உலையில போட்டிருப்பா.

அவர்: அதான் வேண்டாம்னு விட்டுட்டார். அப்புறம், வெளியூர்ல ஒரு மாசம் ட்ரெய்னிங்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரில போய்ப் படுத்துக்கலாம்னு நினைச்சார்.

நான்: பஸ் டிரைவருக்கு என்ன ட்ரெய்னிங்? ரிவர்ஸ் எடுக்கவா?

அவர்: அதுவும் சரிப்படல. கடைசியா ஒரு யோசனை. வேற யாரோ ஒருத்தருக்கு நடந்த மாதிரி பேச்சை ஆரம்பிச்சு, மெல்ல மெல்ல...

நான்: நல்ல யோசனையாச்சே.

அவர்: நல்லா இருக்கா?

நான்: பொண்டாட்டி முட்டாளா இருந்தா நல்லா இருக்கும்.

அவர்: இந்தப் பட்டனையெல்லாம் டப்பாவுல போட்டுடவா?

நான்: அப்புறம் போடலாம். கையை நீட்டுங்க, அளவு பார்த்து மடிக்கணும். இந்தக் கையை இல்ல, அந்தக் கையை.

அவர்: அவ முட்டாள் இல்லடி.

நான்: அப்போ எதுக்கு இவ்வளவு சுத்து?

அவர்: சொல்லிட்டா அன்னையிலருந்து அவ சிரிக்க மாட்டாளேன்னுதான். அவருக்கு வீட்டுக்கு வந்தா அந்தச் சிரிப்புதான். பஸ் ஓட்டி, எல்லார்கிட்டயும் ஏச்சு வாங்கி, வீட்டுக்கு வந்தா அவ ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பா. இதைச் சொல்லிட்டா அப்புறம் வீட்டுல எல்லாரும் மெதுவாப் பேச ஆரம்பிச்சுடுவாங்க. கதவைக்கூட மெதுவாச் சாத்துவாங்க. அதை நினைச்சாத்தான்...

நான்: யார் மெதுவாப் பேசறது? அவளுக்கு மெதுவாப் பேச வருமா?

அவர்: வராது.

நான்: அப்புறம்?

அவர்: இருந்தாலும்.

நான்: நான் ஒண்ணு சொல்றேன், டிரைவர்கிட்ட போய்ச் சொல்லுங்க. பொண்டாட்டி பயப்படுவா. கண்டிப்பா பயப்படுவா. குளிக்கப் போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு அரைமணி நேரம் அழுதிருப்பா. தொட்டித் தண்ணி காலியாயிருக்கும். அப்புறம் வெளிய வந்து, ‘இந்த மனுஷனுக்கு இன்னைக்கு என்ன சொல்லிச் சிரிப்பு காட்டலாம்’னு யோசிப்பா. ரெண்டையும் ஒரே நாள்ல செய்ய அவளால முடியும்.

அவர்: ...போன வாரம் ரெண்டு நாள் தொட்டில தண்ணி இல்லையே.

நான்: மோட்டார் ரிப்பேர்.

அவர்: மோட்டாரா?

நான்: பிளேடு சரியில்லாத வீட்டுல மோட்டாரும் சரியில்ல.

அவர்: இரு. நான் டிரைவரைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கேன்.

நான்: நானும் அவரைப் பத்தித்தான் பேசறேன். திங்கக்கிழமை எத்தனை மணிக்கு?

அவர்: ஒம்போது.

நான்: சாப்பிடாம போகணுமா?

அவர்: தண்ணிகூடக் கூடாது.

நான்: அவருக்கு. கூட வர்றவ சாப்பிடலாம்ல?

அவர்: கூட வர்றவ சாப்பிடலாம்.

நான்: அப்போ எட்டு மணிக்குக் கிளம்பினா சரியா இருக்கும். பதினாலாம் நம்பர்ல போறதா, நாப்பத்தொண்ணுல போறதா?

அவர்: எது முதல்ல வருதோ அதுல.

நான்: மூக்கை உறிஞ்சாதீங்க. குண்டூசி குத்தும்.

அவர்: தும்மல்.

நான்: தெரியும். தொடர் தும்மல்.

அவர்: எப்பலருந்து தெரியும் உனக்கு?

நான்: கையை இறக்குங்க முதல்ல.

அவர்: செவ்வாக்கிழமை பிளாஸ்திரியைப் பார்த்தா?

நான்: இல்ல.

அவர்: பெரிய டாக்டர் போன் பண்ணினாங்களா? அக்கா சொன்னாங்களா? அக்கா வாயில ஒண்ணும் நிக்காது.

நான்: யாரும் சொல்லல. உங்க அளவு எனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்குச் சட்டை தச்சதுலருந்து கழுத்து பதினஞ்சு. வயிறு ஏறும், இறங்கும், கழுத்து பதினஞ்சுதான்.

அவர்: சரி?

நான்: மூணு வாரத்துக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை மத்தியானம், நாற்காலில வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கினீங்க. என் கழுத்துல டேப் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. நீலச் சட்டையில மேல் பட்டன் நூல் இழுத்துக்கிட்டு நிக்குதேன்னு சும்மா சுத்திப் பார்த்தேன். பதினஞ்சே முக்கால். டேப் தப்போன்னு வேற டேப்பை எடுத்து அளந்தேன். ஒரு பக்கம் மட்டும் கையில தட்டுப்பட்டுது. அடுத்த நாள்தான் நீங்க எட்டுக் கோட்டுக்குத் துணி கொண்டு வந்தீங்க.

அவர்: அப்பவே ஏன் கேக்கல?

நான்: நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். லேப்ல இருக்கறவர், என்னைவிட முன்னாடி தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். தெரியலைன்னா, நான் சொல்லி நீங்க பயந்துட்டா?

அவர்: நானா பயப்படுவேன்?

நான்: பல்லிக்கு நீங்கதான் டீ கப்பை மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடினீங்க. நான் இல்ல.

அவர்: அதை டிரைவர் சொல்லல.

நான்: சொல்ல மாட்டார்.

அவர்: இரு... அலமாரி மேல இருக்கற அந்தப் பேப்பர்...

நான்: அதே பேப்பர்தான். எட்டுக் கோட்டையும் அதை வச்சுத்தான் வெட்டினேன்.

அவர்: அப்போ நகலுக்கு நகல் எடுத்தேன்னது? சாக்பீஸ், ஒரு நூல், ரெண்டு நூல்?

நான்: இருபது வருஷம் தைக்கிறவ அந்தத் தப்பைப் பண்ணுவாளா? உங்க கழுத்தைப் பதினஞ்சுல வச்சிருந்தா பட்டன் இடிச்சு உங்களுக்குத் தெரிஞ்சுடும். உங்களுக்கு மட்டும் முக்கால் இஞ்ச் கூட்டினாலும் தெரிஞ்சுடும். கழுத்து மட்டும் ஏன் லூசுன்னு அக்கா கேப்பாங்க. அதனால லேப்ல எல்லாருக்கும் எல்லாத்தையும் கூட்டித் தச்சுட்டேன், பெரிய டாக்டருக்குக் கொஞ்சம் கை மீறிடுச்சு... அவங்ககிட்ட சொல்லிடாதீங்க, எனக்குக் கண்ணாடி மாத்தணும்னே நினைச்சுக்கட்டும். இப்ப நிமிர்ந்து நின்னு அந்த மேல் பட்டனைப் போடுங்க, உங்க கழுத்து மட்டும் சரியா இருக்கும்.